காலையில் ஆபரேஷன், மாலையில் வீடு, நள்ளிரவில்?

ஒரே நாளில் அறுவைச் சிகிச்சையை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நர்ஸ் பார்த்துவந்த வேலையும் நோயாளியோடு சேர்ந்து வீட்டுக்குப் போகிறது. அங்கே அதைச் செய்ய யாருக்குத் தெரியும்?

இரவு மணி 11.40. டோம்பிவிலியில், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சுவரில் ஒரு கையை ஊன்றியபடி நிற்கிறார் 56 வயதுக்காரர் ஒருவர். தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் சிறுநீர் வரும் என்று மனைவி சொல்லியிருக்கிறார். பத்து நிமிடமாகியும் வரவில்லை. அன்றிரவு இது நான்காவது முயற்சி. அடிவயிறு கல்லாகியிருக்கிறது. வலது தொடை இடுக்கில், அன்று காலை போட்ட தையலுக்கு மேலே ஒட்டிய பிளாஸ்திரி விண் விண்ணென்று தெறிக்கிறது. வலி தையலில் இருக்கிறதா, வயிற்றில் இருக்கிறதா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“அஹோ, ஆஸ்பத்திரிக்குப் போன் போடட்டுமா?” என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்கிறார் மனைவி. மராத்தியப் பெண்கள் கணவரின் பெயரைச் சொல்லாமல் விளிக்கும் சொல் அது. நம் ஊரின் ‘என்னங்க’.

சரியாக ஆறு மணி நேரத்துக்கு முன்புதான் தானேயில் உள்ள அந்தத் தனியார் ஆஸ்பத்திரி, “நலமாக இருக்கிறார்” என்று எழுதி அவரை அனுப்பிவைத்தது.

தானேயின் வாக்ளே தொழிற்பேட்டையில், சிறு பட்டறை ஒன்றில் லேத் ஓட்டுகிறார் அவர். முப்பது வருட வேலை. கனமான இரும்புத் துண்டுகளைத் தூக்கி இயந்திரத்தில் மாட்டி மாட்டி, தொடை இடுக்கில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போகும், எழுந்தால் வெளியே வரும். குடலிறக்கம் என்கிற ஹெர்னியா. இரண்டு வருடம் அதை இடுப்புப் பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்த பிறகுதான் இறங்கி வந்தார். பெயரைப் போட வேண்டாம் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. இடம் அப்படி.

பட்டறையின் குரூப் இன்ஷூரன்ஸைக் கவனிக்கும் பையன், “உங்களுக்கு டே கேர்தான், கவலை வேண்டாம்” என்றபோது அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தையை விட்டுப் போகும் இடத்துக்குத்தான் மும்பையில் அந்தப் பெயர். “என்னை எதுக்குடா அங்கே அனுப்பறீங்க என்று கேட்டேன்” என்று இப்போது சிரிக்கிறார். தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? ‘புறநோயாளி’ என்றால் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மாத்திரையோடு திரும்புகிறவர் என்றுதான் நமக்கு அர்த்தம். வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டு அன்றே திரும்புகிறவருக்கு இன்னும் பழகிய சொல் இல்லை. இன்ஷூரன்ஸ்காரர்களோ இரண்டையும் திட்டவட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். புறநோயாளி சிகிச்சை வேறு, டே கேர் வேறு.

அவருடைய மனதில் இருந்த ஆபரேஷன் அவருடைய அப்பாவினுடையது. லால்பாக் பகுதி மில் ஒன்றில் நெசவுத் தொழிலாளியாக இருந்த அப்பாவுக்கும் இதே ஹெர்னியா. 1970-களின் கடைசியில், மாநகராட்சி ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்கை. சொந்தக்காரர்கள் முறை வைத்துச் சாப்பாட்டு அடுக்குடன் வந்தார்கள். இரவில் வார்டுக்கு ஒரு நர்ஸ். கூப்பிட்டால் பாத்திரத்துடன் வரும் வார்டுபாய், வந்ததும் எட்டணா கேட்பான். ஆனால் வருவான்.

கண்புரை அறுவையும் அந்தக் காலத்தில் இப்படித்தான். தலை அசையாமலிருக்க இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து நாட்கணக்கில் மல்லாந்து கிடக்க வேண்டும். இன்று இந்தியாவில் ஆண்டுக்கு 60 லட்சத்துக்கும் அதிகமான கண்புரை அறுவைகள் நடக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்புகிறவர்கள்.

யோசனை ஒன்றும் புதிதில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஜேம்ஸ் நிக்கோல் என்ற குழந்தைகள் அறுவை நிபுணர், பத்து ஆண்டுகளில் 8,988 அறுவைகளைப் படுக்கையில் சேர்க்காமலேயே செய்து முடித்ததாக 1909-ல் எழுதினார். ஹெர்னியாவும் அவற்றில் அடக்கம். குழந்தைக்குத் தாயைவிட நல்ல நர்ஸ் கிடையாது என்பது அவர் கட்சி. ஆனால் வீடு அதற்கு லாயக்காக இருக்க வேண்டும் என்பதிலும் அவர் கண்டிப்பானவர். தாயும் கைக்குழந்தையும் தங்குவதற்கென்று ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டை ஏற்பாடு செய்திருந்தார். அவருடைய யோசனையின் முதல் பாதி உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இரண்டாவது பாதி கிளாஸ்கோவிலேயே நின்றுவிட்டது போலிருக்கிறது.

பரவியதற்குக் காரணங்கள் உண்டு. சீக்கிரம் தெளியும் மயக்க மருந்துகள் வந்தன. சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வந்தது. 1990-ல் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா லேப்ராஸ்கோப் மூலம் பித்தப்பையை அகற்றியதுதான் இந்தியாவில் முதல் முறை. ஹெர்னியாவில் பெரிய மாறுதல், லாஸ் ஏஞ்சலீஸின் இர்விங் லிக்டன்ஸ்டைன் 1980-களில் பிரபலமாக்கிய வலை. தசைகளை இழுத்துப் பிடித்துத் தைத்தால் வலியும் அதிகம், தையல் விட்டுப் போவதும் அதிகம். அதற்குப் பதிலாக உள்ளங்கை அகலத்தில் பாலிப்ரொப்பிலீன் வலை ஒன்றை ஓட்டையின்மேல் விரித்துத் தைத்துவிடுவது. ஓட்டைச் சட்டைக்கு ஒட்டுப் போடுகிற மாதிரிதான். புனேயின் டாக்டர் மோகன் தேசர்டா, வலையே வேண்டாம், நோயாளியின் வயிற்றுத் தசையுறையிலிருந்தே ஒரு பட்டையை எடுத்து ஒட்டலாம் என்று 2001-ல் ஒரு முறையை வெளியிட்டார். எந்த முறையானாலும் நோயாளி மாலையில் நடக்கலாம்.

நடப்பது நல்லதும்கூட. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம். ஆஸ்பத்திரிக் கிருமிகள் தொற்றலாம். கட்டிலுக்குக் காத்திருக்கும் அடுத்த நோயாளியும் இருக்கிறார். இதில் யாருக்கும் சண்டை இல்லை.

2024 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கு லேத் தொழிலாளியும் மனைவியும் தானே வந்து சேர்ந்தார்கள். முந்தைய இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. (ஆறு மணி நேரத்துக்கு உணவு கூடாது, ஆனால் இரண்டு மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்பதுதான் இன்றைய மயக்க மருந்து நிபுணர்களின் விதி. ‘ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் எதுவும் கூடாது’ என்ற பழைய வாய்ப்பாட்டை நம் ஆஸ்பத்திரிகள் விடுவதாக இல்லை.) பின்பக்கம் முடிச்சுப் போடும் பச்சை அங்கி. ஆங்கிலத்தில் அச்சடித்த ஆறு பக்கச் சம்மதப் பத்திரம். பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்து. எந்தப் பக்கம் என்பதில் தவறு வராமலிருக்க வலது தொடையில் பேனாவால் ஓர் அம்புக்குறி. ரத்தம், ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே எல்லாம் முன்பே எடுத்தாகிவிட்டது. இரவில் எத்தனை தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. மூன்று தடவை. அவராகவும் சொல்லவில்லை. வயதானால் அப்படித்தான் என்று நினைத்திருந்தார்.

தியேட்டரில் பூனை மாதிரி முதுகை வளைத்து உட்காரச் சொன்னார்கள். தண்டுவடத்தருகே ஓர் ஊசி. இரண்டே நிமிடத்தில் கால்கள் சூடாகி, கனத்து, பிறகு தன்னுடையவையே இல்லை என்றாகிவிட்டன. கண்ணுக்கு முன்னால் ஒரு திரை. முழித்துக்கொண்டுதான் இருந்தார். யாரோ வயிற்றுக்குள் கை விட்டு மாவு பிசைவதுபோல இருந்தது, வலிக்கவில்லை என்கிறார். ரத்தக் குழாய்களைக் கரித்து அடைக்கும்போது வந்த தீய்ந்த வாசனை இன்னும் மூக்கிலிருக்கிறது. டாக்டர்கள் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார்கள். ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. “லேத்தில் ஒரு புஷ் கடைய எனக்கு அதைவிட நேரமாகும்.”

வேலை சுத்தம். அறுவையைப் பற்றி அவருக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

மதியம் ஒரு மணிக்கு விரல்கள் அசைந்தன. மூன்று மணிக்குக் கால் ஊன்ற முடிந்தது. அதற்குள் இரண்டு பாட்டில் சலைன் உள்ளே போயிருந்தது. கணக்குப்படி ஒரு லிட்டர். தண்டுவட ஊசியில் மரத்துப்போகும் நரம்புகளில் கடைசியாக விழிப்பவை முதுகெலும்பின் அடிமுனையிலிருந்து மூத்திரப்பைக்குப் போகிறவை. கால் நடக்கத் தொடங்கிய பிறகும் பை தூங்கிக்கொண்டிருக்கலாம். அது நிரம்புகிறது, ஆனால் நிரம்பியது மூளைக்குத் தெரிவதில்லை. அளவுக்கு மேல் விரிந்துவிட்டால், நரம்பு விழித்த பிறகும் பையால் சுருங்க முடிவதில்லை. ஹெர்னியா அறுவை, ஐம்பதைத் தாண்டிய ஆண், வீங்கத் தொடங்கிய புரோஸ்டேட் சுரப்பி, வலி தணிக்கும் ஊசி என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் இப்படி அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. இவரிடம் எல்லாமே சேர்ந்திருந்தன.

நோயாளியை எப்போது வீட்டுக்கு அனுப்பலாம் என்பதற்கு மதிப்பெண் பட்டியலே இருக்கிறது. கனடாவின் டொரன்டோவைச் சேர்ந்த மயக்க மருந்து நிபுணர் ஃபிரான்சிஸ் சுங் 1990-களில் உருவாக்கியது. நாடித் துடிப்பு, நடமாட்டம், குமட்டல், வலி, ரத்தக் கசிவு என ஐந்து தலைப்புகள். பத்துக்கு ஒன்பது வாங்கினால் போகலாம். முதலில் இருந்த வடிவத்தில் நீர் குடிப்பதும் சிறுநீர் கழிப்பதும்கூட இருந்தன. அதற்காக எல்லோரையும் காக்க வைப்பது வீண் தாமதம் என்று பின்பு திருத்தப்பட்டது. பாதத்திலோ மார்பிலோ அறுவை செய்துகொண்ட இளைஞருக்கு அது நியாயம்தான். தண்டுவட ஊசி போட்டு ஹெர்னியா செய்துகொண்ட 56 வயதுக்காரர் அந்தப் பொது விதிக்குள் வரமாட்டார். சந்தேகமிருந்தால் வயிற்றின்மேல் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான்கு மணிக்கு நர்ஸ் வந்து கேட்டார், “யூரின் ஆச்சா காகா?”

இந்த இடத்தில் லேத் தொழிலாளி கொஞ்சம் தயங்குகிறார். அரைகுறைத் திரை. பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மாள். நர்ஸுக்கு அவருடைய மகள் வயது. பாத்ரூம் போனபோது நாலைந்து சொட்டு விழுந்திருந்தது. “ஆச்சு என்று சொல்லிவிட்டேன்” என்கிறார். நர்ஸ் தாளில் ஒரு டிக் அடித்தார். எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரம் இரண்டு பக்கமும் இருந்தது.

இத்தனை அவசரத்துக்குப் பிறகும் கிளம்ப முடியவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து இறுதி அனுமதி வரவில்லை. 1986-ல் அரசு கம்பெனிகள் மெடிக்ளெய்ம் பாலிசியை அறிமுகப்படுத்திய காலத்திலிருந்தே, 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் என்பது இந்த வியாபாரத்தின் ஆதார விதி. தொழில்நுட்ப வளர்ச்சியால் 24 மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிற, இல்லாவிட்டால் அதற்கு மேல் படுக்க வேண்டியிருந்திருக்கும் சிகிச்சைகளுக்கு மட்டும் விலக்கு. அதுதான் டே கேர். விலக்கு உண்டா இல்லையா என்பதில் வழக்குகள் நுகர்வோர் ஆணையம்வரை போகின்றன. இந்த நாளில் நோயாளி 24 மணி நேரம் படுத்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2023-ல் வதோதரா ஆணையம் ஒரு வழக்கில் கம்பெனியைப் பணம் கொடுக்கச் சொன்னது. டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும், தாமதத்தால் வரும் கூடுதல் செலவு கம்பெனியுடையது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் உத்தரவிட்டது.

அனுமதி வந்தபோது மணி ஐந்தரை. அதற்குள் கட்டில் வேறொருவருக்குப் போய், இவர் ஒன்றரை மணி நேரமாக நாற்காலியில். அந்த நேரத்தில் யாராவது இன்னொரு தடவை, “எவ்வளவு போனது?” என்று கேட்டிருக்கலாம். எல்லோருடைய கண்ணும் கவுண்டர் கம்ப்யூட்டர்மேல் இருந்தது.

சாயங்கால லோக்கலில் தையலோடு ஏற முடியாது. ஷில் பாட்டா வழியாக டாக்சி. மழை, கண்டெய்னர் லாரிகள், பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு மூன்று மாடி. ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்து, எட்டு மணிக்கு வீடு. டே கேர் அறுவைக்கு முன் நோயாளியின் வீட்டைப் பற்றியும் கேட்க வேண்டும் என்று பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. எவ்வளவு தூரம், ராத்திரி கூட யார், போன் உண்டா. மாடி எத்தனை என்பதையும் மும்பையில் சேர்த்துக்கொள்ளலாம்.

கையில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் ஃபைல். டிஸ்சார்ஜ் தாள் முழுக்க ஆங்கிலம். மாத்திரை எப்போது என்பதை மட்டும் ஃபார்மசிப் பையன் மராத்தியில் கிறுக்கிக் கொடுத்திருந்தான். 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, முக்கியப் பத்திரங்களில் கையெழுத்திடக் கூடாது, பொறுப்புள்ள ஒருவர் உடன் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்புள்ளவர் மனைவி. போளி-பாஜி கடை ஒன்றில் கூலிக்குச் சப்பாத்தி இடுகிறவர். (அங்கே போளி என்றால் சப்பாத்தி. நம்முடைய இனிப்பு அவர்களுக்குப் பூரண்போளி.) இரண்டு நாள் சம்பளத்தை விட்டு வந்திருந்தார். ஏழாவது வரை படித்தவர். எதைப் பார்க்க வேண்டும், எது சாதாரணம், எது ஆபத்து என்று யாரும் அவரிடம் உட்கார்ந்து சொல்லவில்லை. ஆஸ்பத்திரியின் பார்வையில் அவர் அன்றிரவின் நர்ஸ். அது அவருக்குத்தான் தெரியாது.

தாளில் இருந்த எண்ணுக்கு நள்ளிரவில் போன் செய்தபோது வரவேற்பு மேஜை எடுத்தது. “டாக்டர் காலையில்தான் வருவார். அவசரம் என்றால் கேஷுவாலிட்டிக்கு அழைத்து வாருங்கள்.” மழையில், வந்த வழியே, மறுபடியும் தானேக்கு. ஆபரேஷன் வலிதான், தாங்கிக்கொள்ளலாம் என்று கணவர் சொன்னார். வலி மாத்திரை இன்னொன்று கொடுக்கலாமா என்று மனைவி யோசித்தார். “தண்ணீர் நிறையக் குடித்தால் வரும் என்று நினைத்து இரண்டு சொம்பு கொடுத்தேன்” என்கிறார். நிரம்பி வழியும் பைக்கு மேலும் இரண்டு சொம்பு.

காப்பாற்றியது இரண்டாவது மாடி மாவ்ஷி. மராத்தியில் சித்தி என்று பொருள். ஆஸ்பத்திரி ஆயாக்களையும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவர் பிரசவ விடுதி ஒன்றில் இருபது வருடம் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்தார், லைட்டைப் போடச் சொன்னார், தொப்புளுக்குக் கீழே கை வைத்தார். இளநீர்க் காய் மாதிரி உருண்டு நின்றது. “தையல் வலி இல்லை இது. மூத்திரம் கட்டியிருக்கிறது. சிசேரியன் பெண்களுக்கு எத்தனை பார்த்திருக்கிறேன்! ரிக்ஷா கூப்பிடு.”

இரண்டு தெரு தள்ளி ஒரு சிறிய நர்சிங் ஹோம். தூக்கக் கலக்கத்தோடு வந்த டியூட்டி டாக்டர் ரப்பர் குழாய் ஒன்றைச் செலுத்தினார். சாதாரணமாக நானூறு, ஐந்நூறு மில்லி நிரம்பினாலே உட்கார முடியாது. அன்று பையில் இறங்கியது 900 மில்லிக்கு மேல். “அந்த நிமிடத்தில் அந்த டாக்டரின் காலில் விழலாம் போல இருந்தது” என்கிறார் லேத் தொழிலாளி. மணி அப்போது ஒன்றே முக்கால்.

விடியும்வரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பையின் தசை சேதமடைந்து வாரக்கணக்கில் குழாயோடு திரிய நேர்ந்திருக்கலாம். முக்கி முக்கித் தையலும் தளர்ந்திருக்கலாம்.

அந்த இரவுச் செலவைப் பின்னால் கேட்டு வாங்கலாம். டிஸ்சார்ஜுக்குப் பிறகு குறிப்பிட்ட நாட்கள்வரை அதே நோய்க்கான செலவைப் பெரும்பாலான பாலிசிகள் தருகின்றன. ரசீதும் டாக்டர் சீட்டும் வேண்டும். இரவு இரண்டு மணிக்கு யாருக்கு ரசீது நினைவு வரும்?

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டே கேர் நோயாளிகளை மறுநாள் விசாரிப்பது நல்ல வழக்கம்தான். ஒரு பெண் குரல் பட்டியலைப் பார்த்துக் கேட்டது. காய்ச்சல் உண்டா? வாந்தி? ரத்தக் கசிவு? வலி பத்துக்கு எத்தனை? எல்லாவற்றுக்கும் மனைவி ஒழுங்காகப் பதில் சொன்னார். கணவர் அப்போது தொடையில் கட்டிய சிறுநீர்ப் பையோடு கட்டிலில் படுத்திருந்தார். பட்டியலில் அந்தக் கேள்வி இல்லை. மனைவியாகச் சொன்னதும் மறுமுனை சற்று மௌனமாகி, “அதை டாக்டரிடம் காட்டுங்கள்” என்றது.

டாக்டர் காட்டிய இடத்தில் கோபப்படவில்லை, மழுப்பவும் இல்லை. சிலருக்கு இப்படி நேர்வதுண்டு, இரவில் அடிக்கடி எழுந்திருப்பதைச் சொல்லியிருந்தால் உஷாராக இருந்திருப்போம் என்றாராம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. புரோஸ்டேட்டுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். சிறுநீர் தானாகப் போனது. பத்து நாளில் காயம் ஆறிற்று. கனம் தூக்கக் கூடாது என்பதால் பட்டறைக்குத் திரும்ப ஒன்றரை மாதம். இப்போது இரும்பைத் தூக்க ஒரு பையனை வைத்திருக்கிறார்கள்.

அதே பட்டறையில் டிரில்லிங் மெஷினில் நிற்கும் இன்னொருவருக்கும் ஹெர்னியா. கல்யாணில் வீடு. தீபாவளி விடுமுறையில் செய்துகொள்ளப் போவதாகச் சொல்லி, யோசனை கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்தார். ஆண்கள் இருவரும் பாலிசியைப் பற்றியும் லீவைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் லேத் தொழிலாளியின் மனைவி, அந்தப் பெண்ணுக்காகப் பழைய டிஸ்சார்ஜ் தாளின் பின்பக்கத்தில் மராத்தியில் எழுதிக்கொண்டிருந்தார். இரவு டாக்டரின் போன் நம்பரை வாங்கு. பக்கத்து நர்சிங் ஹோம் எது என்று பார்த்து வை. வெட்கப்படாமல் அளவுப் பாத்திரம் கேள். அது நிரம்பியதை உன் கண்ணால் பார்த்த பிறகு டாக்சி கூப்பிடு.